பெற்றோர் சாட்சியம்: குழந்தைகளின் வளர்ச்சிக் கோளாறுகளைப் பற்றி



நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் காரியம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இடுப்பில் குழந்தையும் கையில் கிண்ணமுமாக வாசலில் நிற்கும் தாய், வானத்தை நோக்கி விரலை நீட்டி நிலாவைக் காட்டுகிறாள். குழந்தை முதலில் விரலைப் பார்க்கிறது. பிறகு விரல் காட்டும் திசையைப் பார்க்கிறது. நிலாவைக் கண்டதும் மறுபடி தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்க வாய் திறந்த சமயம் பார்த்து ஒரு கவளம் உள்ளே போய்விடுகிறது. சோறூட்டும் உபாயம் என்று நாம் நினைக்கும் இந்தச் சிறு காரியத்தில், ஒரு பொருளை இருவர் சேர்ந்து காண்பதும், தான் கண்டதை மற்றவரும் கண்டார் என்று உணர்வதும், அந்த உணர்விலே மகிழ்வதும் அடங்கியிருக்கின்றன. 9-ஆம் மாதம் தொடங்கி ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் இந்தச் சக்தி யாரும் கற்பிக்காமலே மலர்ந்துவிடுகிறது. பேச்சு என்பது இதன்மேல்தான் எழுகிறது. சில குழந்தைகளிடமோ இது மிகத் தாமதமாகவும் அரைகுறையாகவும் தோன்றுகிறது, அல்லது தோன்றாமலே போகிறது. அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆட்டிசம் என்று நீங்கள் அனைவரும் கேள்விப்பட்டிருக்கும் நிலையையும் அதற்கு இனமான வேறு சில நிலைகளையும் ஒரு தொகுதியாகச் சேர்த்து, ‘பரவலான வளர்ச்சிக் கோளாறுகள்’ என்று 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தார் பெயரிட்டார்கள். ஒரு புலனோ ஓர் அவயவமோ மட்டும் பழுதுபடாமல், பழகுதல், பேசுதல், விளையாடுதல் ஆகிய பல துறைகளிலும் ஒருங்கே வளர்ச்சி மாறுபட்டிருப்பதே இத்தொகுதியின் பொது லட்சணம். இதன் சரித்திரத்தைக் கவனித்தால் ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். பெற்றோர் சொன்னதை மருத்துவர்கள் சிரத்தையோடு கேட்ட காலங்களிலெல்லாம் சாஸ்திரம் முன்னேறியிருக்கிறது. அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்திய காலத்திலோ ஏறக்குறைய ஒரு தலைமுறையின் உழைப்பு வீணாயிற்று. என் பேச்சின் சாரம் இதுதான். மற்றவையெல்லாம் இதற்கு ஆதாரம்.

1938-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிஸிஸிப்பி மாகாணத்திலிருந்து ஒரு வக்கீல், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த டாக்டர் லியோ கானர் என்பவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தட்டச்சில் 33 பக்கம். தம் ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றித் தாமும் மனைவியும் கண்டவற்றையெல்லாம் அதிலே அவர் எழுதியிருந்தார். ஒரு வயதில் ராகம் பிசகாமல் பாடுவான். இரண்டு வயது முடிவதற்குள் அபார ஞாபக சக்தி. பாத்திரங்களையும் தட்டுகளையும் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பான். குறுக்கிட்டால் ஆவேசம் வரும். தகப்பன் வீடு திரும்புவதையும் உறவினர் வருவதையும் கவனிக்கவே மாட்டான். தனியே விட்டால் பரம சந்தோஷம். இவ்வாறு தினசரி வாழ்க்கையில் நடந்தவை நடந்தபடியே அக்கடிதத்தில் வரிசையாகக் கிடந்தன. கானர் பிற்பாடு எழுதிய விவரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. தோள்மேல் ஏற ஆசையிருந்தால் ‘ஆம்’ என்று சொல்லும்படி தகப்பனார் பழக்கினார். டொனால்டுக்கு அதன் பிறகு ‘ஆம்’ என்ற சொல்லுக்குத் ‘தோள்மேல் தூக்கு’ என்பதைத் தவிர வேறு அர்த்தமே இல்லாமற் போயிற்று. குளிக்க வேண்டுமென்று தோன்றினால் ‘உனக்குக் குளிக்க வேண்டுமா?’ என்று தாய் தன்னிடம் கேட்கும் வாக்கியத்தையே அவன் திருப்பிச் சொல்லுவான். தன்னை ‘நீ’ என்றும் எதிரே இருப்பவரை ‘நான்’ என்றும் சொல்லும் இந்த வழக்கத்தை இன்று நம் ஊரில் எந்தப் பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டாலும் தம்மிடம் வரும் பிள்ளைகளிடத்தில் கண்டதாகச் சொல்லுவார்.

அந்தக் கடிதத்தைக் கானர் நெடுகிலும் படித்தார் என்பதிலேதான் அவர் பெருமை இருக்கிறது. குழந்தையைத் தாமே நேரில் பார்த்தார். அதைப் போலவே வேறு சில குழந்தைகளையும் தேடிக் கண்டார். 1943-இல் 8 ஆண் பிள்ளைகளும் 3 பெண் பிள்ளைகளுமாகப் 11 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறருடன் மனம் கலந்து பழகும் சக்தி இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவு என்பதும், எதுவும் மாறாமல் இருந்தபடியே இருக்க வேண்டும் என்ற தீவிர ஆசை அவர்களிடம் உண்டு என்பதும் அவர் கண்ட முடிவுகள். அவருக்கு முன்பே மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் 1925-இல் ஆறு சிறுவர்களிடம் இதே போன்ற லட்சணங்களை வர்ணித்திருந்தார். ஆயினும் உலகம் அதை நெடுங்காலம் கவனிக்கவில்லை. வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல், பேச்சும் புத்தியும் நன்றாயிருந்தும் பழகத் தெரியாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். குழந்தைகள் கொல்லப்பட்ட நாஜி நிலையம் ஒன்றுக்கு அவரே சில குழந்தைகளை அனுப்பி வைத்தார் என்ற உண்மை 2018-இல் ஆவணங்களைக் கொண்டு வெளியிடப்பட்டது. அதனால் அவர் பெயரால் ஒரு குழந்தையின் நிலையைச் சுட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கானர் பிறவிக் குறைபாடு என்று எழுதிய அதே கட்டுரையில், இப்பெற்றோர்கள் படிப்பிலும் உத்தியோகத்திலும் மூழ்கியவர்கள், பாசம் காட்டத் தெரியாதவர்கள் என்ற கருத்துப்பட ஒரு குறிப்பையும் சேர்த்துவிட்டார். விபரீதம் அங்கே விதைக்கப்பட்டது. 1949-இல் எழுதியபோது இக்குழந்தைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டவர்கள் என்கிற பொருளில் பேசினார்; பத்திரிகைகள் அந்த உவமானத்தைப் பற்றிக்கொண்டன. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதி, தாயின் அன்பின்மைதான் குழந்தையை உள்ளே ஒடுங்கச் செய்கிறது என்றார். நாஜிச் சிறைமுகாம்களில் தாம் கண்ட கைதிகளின் நிலையோடு அக்குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சையாயிற்று. ராத்திரி முழுவதும் உறங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த தாயைப் பார்த்து, ‘உன்னால்தான் இப்படி ஆயிற்று’ என்று கற்றோர் கூறினார்கள். இதைவிடக் கொடிய வார்த்தை ஒரு மருத்துவன் வாயிலிருந்து வரமுடியுமா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

இந்தப் பொய்யை முறித்தவரும் ஒரு தகப்பனாரே. அமெரிக்கக் கப்பற்படையில் வேலை பார்த்த மனோதத்துவ நிபுணர் பெர்னார்டு ரிம்லாண்டு, தம் மகனுக்கு இந்நிலை என்று அறிந்ததும், கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படித்து, தாயின் குற்றத்துக்கு அணுவளவும் ஆதாரமில்லை, இது மூளையின் அமைப்பைப் பற்றிய விஷயம் என்று 1964-இல் ஒரு நூலில் நிலைநாட்டினார். அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் வேறு யாருமல்லர், கானரேதான்; 1969-இல் பெற்றோர்களின் மகாநாடு ஒன்றில் எழுந்து நின்று, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்று அவர் பகிரங்கமாக அறிவித்தார். 1977-இல் லண்டனில் ஸூஸன் போல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் என்ற இருவர் 21 ஜோடி இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவாய் உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. வளர்ப்பு காரணமாயின் ஒரே வீட்டில் ஒரே தாய் வளர்த்த இரட்டையரிடம் இந்த வித்தியாசம் ஏற்பட நியாயமில்லை. பரம்பரையின் பங்கு பெரிது என்பது அன்று முதல் ஸ்திரமாயிற்று; ஒரே ஜீன் என்றில்லாமல் நூற்றுக்கணக்கான ஜீன்கள் இதில் சம்பந்தப்பட்டுள்ளன என்பது பின்னர் தெரியவந்தது.

இனி நோய் நிர்ணயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாகுபாட்டின்படி இத்தொகுதியில் ஐந்து பிரிவுகள் இருந்தன: ஆட்டிசம், ஆஸ்பெர்கர் நிலை, ரெட் நிலை, குழந்தைப் பருவச் சிதைவு நிலை, இவற்றில் எதிலும் முழுதாக அடங்காத எஞ்சிய வகை. சிதைவு நிலையை வியன்னாவில் தியோடர் ஹெல்லர் 1908-லேயே வர்ணித்தார். இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் எல்லாரையும்போல வளர்ந்து பேசிய குழந்தை, பேச்சையும் பழக்கங்களையும் சில மாதங்களில் இழந்துவிடும் அபூர்வ நிலை அது. ரெட் நிலையின் வரலாறு கவனிக்கத் தக்கது. 1954-இல் வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற மருத்துவர் தம் காத்திருப்பு அறையில் தற்செயலாகக் கண்டது, தாய்மார் மடியில் இருந்த இரண்டு சிறுமிகள் ஒரே விதமாகக் கைகளைப் பிசைந்துகொண்டிருந்த காட்சி. அவர் அதை 1966-இல் எழுதினார். 1999-இல் ஹூடா சோக்பி என்ற அம்மையாரின் குழுவினர் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனின் மாறுதலே அதற்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

ஆஸ்பெர்கர் நிலையை உலகறியச் செய்தவர் லண்டனில் வாழ்ந்த லோர்னா விங் என்ற மனநல மருத்துவர். தாமே ஆட்டிசமுள்ள ஒரு மகளைப் பெற்ற தாய். ஜூடித் கூல்டு என்பவரோடு சேர்ந்து கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்து, இந்நிலைகளுக்கிடையே சுவர்கள் இல்லை, வானவில்லின் நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதுபோலக் கலந்து கிடக்கின்றன என்று 1979 முதல் அவர் சொல்லிவந்தார். அந்தத் தாயின் பார்வையே கடைசியில் வென்றது. 2013-இல் ரெட் நிலையை நீக்கி, மற்ற நான்கையும் ‘ஆட்டிச நிறமாலை’ என்ற ஒரே பெயருள் அமெரிக்கர் அடக்கினர். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பாகுபாடும் அதே வழியில் 2022-இல் அமலுக்கு வந்தது. ஆகையால் பழைய சீட்டில் பழைய பெயரும் புதிய சீட்டில் புதிய பெயரும் இருப்பதைக் கண்டு, பிள்ளைக்கு வேறொரு வியாதி வந்துவிட்டதோ என்று யாரும் கலங்க வேண்டாம்.

ரத்தத்தைச் சோதித்தோ தலையை ஸ்கேன் எடுத்தோ ஆட்டிசத்தைத் தீர்மானிக்க முடியாது. பெற்றோர் கூறும் வரலாறும், குழந்தையின் நடத்தையைப் பொறுமையோடு கவனித்தலுமே சாதனங்கள். பெயர் சொல்லி அழைத்தால் 12 மாதத்திலும் திரும்பாமை, வேண்டியதைச் சுட்டிக் காட்டாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராமை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்காமை, வந்த பேச்சு எந்த வயதிலேனும் நின்றுபோதல் ஆகியவை கவனிக்க வேண்டிய குறிகள். தண்ணீர் வேண்டுமென்றால் உங்கள் முகத்தைப் பார்க்காமல், உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயின்மேல் வைக்கும் குழந்தை. கார் பொம்மையைக் கவிழ்த்துப் போட்டு அரைமணி நேரம் சக்கரத்தை மட்டும் சுழற்றும் குழந்தை. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறி, தொலைக்காட்சி விளம்பரத்தை மட்டும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் குழந்தை: இவர்களை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

‘இவன் அப்பனும் நாலு வயசுக்கு மேலேதான் பேசினான், நீ சும்மா இரு’ என்று பாட்டி சொல்வது அன்பினால் சொல்லும் ஆறுதல். ஆனால் தாயின் மனத்தில் எழுந்த சந்தேகம் அந்த ஆறுதலால் ஓராண்டு, ஈராண்டு தள்ளிப்போகிறது. குழந்தைக்குக் காது கேட்கிறதா என்ற பரிசோதனையை முதலில் செய்து, பிறகு குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நம் நாட்டில் செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனத்தார் 40 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்திருக்கிறார்கள். 70-உம் அதற்கு மேற்பட்டதுமான மதிப்பெண் ஆட்டிசத்தைக் குறிக்கும். அரசாங்கச் சான்றிதழும் அதைக் கொண்டே தரப்படுகிறது. மருத்துவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று: பத்து நிமிஷத்தில் பெயர் சூட்டி அனுப்பிவிடாதீர்கள். தாய் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தால் அதைத் திறந்து படியுங்கள்.

சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது டொனால்டின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கானரைக் காண்பதற்கு முன், சூழ்நிலை மாற்றம் வேண்டும் என்ற யோசனையின்பேரில் அவனை ஒரு நிலையத்தில் விட்டிருந்தார்கள். அங்கே அவன் வாடிப்போனதைக் கண்ட பெற்றோர் திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். 9 வயதில் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயத் தம்பதியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் எந்தப் பள்ளியிலும் மனோதத்துவம் படித்தவர்களல்லர். அவனுக்கு அளப்பதில் பித்து இருப்பதைக் கண்டு, கிணறு ஒன்றைத் தோண்டும் வேலையில் அவனை ஈடுபடுத்தி, ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் சேர்க்கத் தொடங்கியபோது, அதட்டாமல், அவற்றைப் புதைக்க ஓரிடம் ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் நடச் செய்தார்கள். சோளக்கொல்லையின் வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள்! 1945-இல் நேரில் போய்ப் பார்த்த கானர், குதிரையையும் ஏரையும் அந்தப் பையன் எவ்வளவு நன்றாக நடத்துகிறான் என்று வியந்து எழுதினார். அவன் கல்லூரியில் பட்டம் பெற்றான். தன் ஊர் வங்கியில் வேலை பார்த்தான். 2023-இல் 89-ஆம் வயதில் காலமானான். அந்தப் 11 குழந்தைகளில், பெரிய அரசாங்க விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த கொஞ்சத் திறமையையும் இழந்தார்கள் என்பதையும் கானரே 1971-இல் வருத்தத்தோடு பதிவு செய்தார்.

அந்தத் தம்பதியர் அறியாமலே கண்ட வழியைத்தான் பிற்காலத்து முறைகள் பலவும் சாஸ்திரமாக்கின. எரிக் ஷாப்ளர் என்பவர் வட கரோலினாவில் 1960-களில் தொடங்கிய முறை பெற்றோரையே உடன்-சிகிச்சையாளர்களாகக் கொண்டது. நாளின் காரியங்களைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டி, அடுத்து என்ன என்ற கலக்கத்தைக் குழந்தையின் மனத்திலிருந்து நீக்குவது அதன் முக்கிய உபாயங்களில் ஒன்று. இவார் லோவாஸ் என்பவர் 1987-இல், 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்து, 9 பேர் சாதாரணப் பள்ளிக்குப் போனதாகச் சொன்னார். குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரிக்காததால் அந்த எண்ணை அப்படியே ஏற்க இயலாது. அடித்தும் அதட்டியும் பழக்கிய அவருடைய பழைய வழிகள் இன்று கைவிடப்பட்டுவிட்டன. விளையாட்டோடு விளையாட்டாக, குழந்தையின் விருப்பத்தைப் பின்பற்றிக் கற்பிக்கும் வழிகளே இப்போது மேலோங்கி வருகின்றன.

நமக்கு மிகவும் பிரயோஜனமானது 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு அதை நடத்தினார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரின் வீடுகளுக்கு, நிபுணர்களல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்கள் சென்றார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் வீடியோவில் எடுத்து, பிறகு தாயோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தார்கள். ‘இதோ, இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், நீங்கள் அடுத்த பொம்மையை எடுக்கப் போய்விட்டீர்கள், இந்த இடத்தில் சற்றுப் பொறுத்திருங்கள்’ என்று காட்டினார்கள். பயிற்சியின் முடிவில், தாயின் பேச்சு பிள்ளையின் கவனத்தோடு இசைந்து வந்தது. பிள்ளைகளும் தாமாகவே பெற்றோரோடு தொடர்பு கொள்ள முற்படுவது அதிகமாயிற்று. பேச்சுப் பயிற்சி நிலையத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டிலேதான் இருக்கிறது என்ற எளிய கணக்கை நம்மில் பலர் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆட்டிசத்தின் மூல லட்சணங்களை நீக்கும் மருந்து இதுவரை இல்லை. கடும் கோபத்தையும் தன்னைத்தானே அடித்துக்கொள்ளுதலையும் தணிக்க ரிஸ்பெரிடோன் 2006-இலும் அரிபிப்ரசோல் 2009-இலும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. உடல் பருமன் போன்ற தீங்குகள் உண்டாகையால் மருத்துவர் கண்காணிப்பிலேயே கொடுக்க வேண்டும். வலிப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல் முதலியவை உடன் இருந்தால் அவற்றுக்குரிய சிகிச்சையைச் செய்தாலே குழந்தையின் நடத்தை எவ்வளவோ சாந்தமடையும்.

பெற்றோர் சாட்சியம் பெரிது என்று இதுவரை சொன்ன நான், அதற்கு ஓர் எல்லையையும் இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தை எப்படியிருக்கிறது என்பதற்குத் தாயைவிடச் சிறந்த சாட்சியில்லை. ஒரு மருந்து பலித்ததா என்ற கேள்விக்கோ, ஆசை கண்ணை மறைக்கும். ஸெக்ரெடின் என்ற ஊசியால் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள் என்று 1998-இல் அமெரிக்காவில் பெரிய பரபரப்பு எழுந்தது. அடுத்த வருஷம் 60 குழந்தைகளைக் கொண்டு சோதித்தார்கள். எந்தக் குழந்தைக்கு ஊசி மருந்து, எந்தக் குழந்தைக்கு வெறும் உப்பு நீர் என்று பெற்றோருக்குத் தெரியாது. இரு சாராரும் ஒரே அளவு தேறியிருப்பதாகவே தெரிந்தது. இந்த உண்மையைச் சொன்ன பிறகும் பெரும்பாலான பெற்றோர் அந்த ஊசியையே விரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அந்த ஆசையை விற்பனைப் பொருளாக்குகிறவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும். உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லி நரம்பில் மருந்து ஏற்றியதால் 2005-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தே போனான். நம் நாட்டில் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு போடப்படும் ஸ்டெம் செல் ஊசியை ஆட்டிசத்துக்குச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-இல் தெரிவித்தது. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 12 குழந்தைகளைக் காட்டி 1998-இல் வெளியான கட்டுரையை அந்தப் பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவிலும் அத்தகைய சம்பந்தம் காணப்படவில்லை. தடுப்பூசி போடும் வயதும் லட்சணங்கள் கண்ணில் படும் வயதும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதே இந்தப் பிரமைக்குக் காரணம்.

‘எங்கள் காலத்துக்குப் பிறகு?’ என்று கூட்டம் முடிந்த பிறகு மெதுவாக வந்து கேட்கும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு; அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். டெல்லியில் 1991-இல் ஆட்டிசத்துக்கென்றே ஓர் அமைப்பைத் தோற்றுவித்த மெர்ரி பருவா அம்மையாரும் ஒரு தாயே. அவரைப் போன்ற பெற்றோர்களின் இடைவிடாத முயற்சியால் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளிலும் அது ஒன்று. மாவட்ட அரசு மருத்துவமனையில் சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். சென்னைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று 2005 முதல் இயங்கி வருகிறது. பரிசோதனையும் பயிற்சியும் அங்கே கிடைக்கும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின் பெற்றோர் என்ற முறையில் மட்டும் அவனுக்காகக் கையெழுத்திடச் சட்டம் இடம் கொடாது. தனியே காரியங்களை நடத்த இயலாதவனாயின் சட்டப்படியான பாதுகாவலர் வேண்டும். அதற்கான மனுவைப் பரிசீலிக்கும் உள்ளூர்க் குழு மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இருக்கிறது. தாயும் தகப்பனும் தங்களுக்குப் பின் வரக்கூடிய ஒருவரை, தங்கையோ அண்ணனோ சித்தப்பாவோ யாராயினும், முன்கூட்டியே கலந்து பேசித் தீர்மானித்து, வேண்டிய காகிதங்களைச் சேர்த்து வைத்து, 18 நிறைந்ததும் ஆட்சியர் அலுவலகத்தில் அந்த மனுவைக் கொடுத்துவிடுவது நலம்.